கஞ்சாத் தடையும் மக்கள் வாக்கும்: திண்டுக்கல் வட்டாரம்

திண்டுக்கல் வட்டாரத்தில் கஞ்சா குறித்த சட்டம் மூன்று கட்டங்களைக் கடந்து வந்துள்ளது. ஆங்கிலேயர் காலத்தில் உரிமம் பெற்ற கடைகளில் கஞ்சா விற்கப்பட்டது. பின்னர் மாகாண மதுவிலக்குச் சட்டம் அதைத் தடைசெய்தது. 1985 முதல் மத்திய அரசின் போதைப்பொருள் சட்டம் நடைமுறையில் உள்ளது. எந்தக் கட்டத்திலும் இப்பகுதி மக்களிடம் இதற்கென வாக்கெடுப்பு நடத்தப்பட்டதில்லை. அமெரிக்க மாநிலங்கள் சிலவற்றில் கஞ்சாவை அனுமதிப்பதா கூடாதா என்பதை வாக்காளர்களே நேரடியாகத் தீர்மானித்திருக்கிறார்கள். இந்தியாவில் ஒரு சட்டத்தை நேரடி மக்கள் வாக்குக்கு விடும் வழி அரசியலமைப்பில் இல்லை. எனினும், போதைப் பொருள் குறித்த அரசின் கொள்கை பெரிய அளவில் வாக்காளர் முன் வந்த ஒரு தேர்தல் திண்டுக்கல்லில் நடந்தது. அது 1973 இடைத்தேர்தல். அப்போது பேசப்பட்டது மது, கஞ்சா அல்ல.

உரிமக் கடைகளின் காலம்

திண்டுக்கல் அன்று மதுரை மாவட்டத்தின் ஒரு பகுதி. சென்னை மாகாணத்தில் 1886-ஆம் ஆண்டின் ஆப்காரி சட்டம் கள், சாராயம் ஆகியவற்றுடன் கஞ்சாவையும் உரிமத்துக்கும் வரிக்கும் உட்படுத்தியது. 1893 மார்ச்சில் மதுவிலக்கு ஆதரவாளரான டபிள்யூ.எஸ். கெய்ன் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் இதுபற்றிக் கேள்வி எழுப்பினார். அதன் விளைவாக அமைக்கப்பட்டதே இந்திய கஞ்சா ஆணையம். மாக்வொர்த் யங் தலைமையில் 1893 ஆகஸ்டு முதல் ஓராண்டு காலம் இயங்கிய இந்த ஆணையம் 1,193 பேரிடம் சாட்சியம் பெற்றது. மருத்துவர்கள், வரி அதிகாரிகள், மதகுருமார்கள், பயிரிடுவோர் எனப் பலதரப்பினரும் அவர்களில் இருந்தனர்.

அளவோடு பயன்படுத்துவது பெரும்பாலும் தீங்கற்றது, மிகையாகப் பயன்படுத்துவதே கேடு, முழுத் தடை தேவையும் இல்லை, நடைமுறைக்கு உகந்ததும் இல்லை என்று ஆணையம் முடிவு கூறியது. தடைசெய்தால் மக்கள் இதைவிடத் தீங்கான மதுவுக்குச் செல்லக்கூடும் என்ற அச்சமும் அறிக்கையில் இடம்பெற்றது. ஏழு உறுப்பினர்களில் ராஜா சோஷி சிகரேஸ்வர் ராய், லாலா நிஹால் சந்த் ஆகிய இருவர் மாறுபட்டுத் தனிக்குறிப்பு எழுதினர். முடிவு அரசுக் கருவூலத்துக்கு ஏற்றதாக இருந்தது என்பதையும் மறந்துவிடக் கூடாது, வரி தொடர்ந்தது. ஆயினும், கஞ்சாவைப் பற்றி இந்தியாவில் இத்தனை பேரைக் கேட்டு நடந்த விசாரணை பின்னர் எதுவும் இல்லை.

இதே காலத்தில் திண்டுக்கல் சமவெளியின் பெயர்பெற்ற பயிர் புகையிலை. இங்கு உருவான சுருட்டுத் தொழிலில் ஸ்பென்சர் நிறுவனமும் ஈடுபட்டது. இன்றும் வேடசந்தூரில் மத்திய அரசின் புகையிலை ஆராய்ச்சி நிலையம் உள்ளது. இரண்டு இலைகளில் ஒன்றுக்கு ஆராய்ச்சி நிலையமும் மற்றொன்றுக்குச் சிறையும் கிடைத்ததற்கு உடல்நலக் கேட்டை மட்டும் காரணமாகக் காட்ட முடியாது.

மதுவிலக்கும் 1973 இடைத்தேர்தலும்

மதுவிலக்கு காங்கிரசின் நெடுநாள் கொள்கை. 1937-இல் ஆட்சிக்கு வந்த ராஜாஜி அதே ஆண்டு அக்டோபர் 1-ஆம் நாள் சேலம் மாவட்டத்தில் அதைத் தொடங்கினார். 1948 அக்டோபர் 2 முதல் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தது. இச்சட்டம் மதுவோடு 'போதைப் பொருள்' என்ற பெயரில் கஞ்சாவையும் தடைசெய்தது. பொதுமேடைகளில் பேசப்பட்டது கள்ளும் சாராயமும்தான். கஞ்சா சட்டத்தின் வரையறைப் பகுதியில் சத்தமின்றிச் சேர்ந்தது.

1971 ஆகஸ்டு 30 முதல் மு. கருணாநிதி அரசு மதுவிலக்கைத் தளர்த்தியது. கள், சாராயக் கடைகள் திறக்கப்பட்டன. 1972 அக்டோபரில் தி.மு.க.விலிருந்து நீக்கப்பட்ட எம்.ஜி.ஆர்., கணக்குக் கேட்டதோடு மதுவிலக்குத் தளர்வையும் எதிர்த்தார். அவர் தொடங்கிய அ.தி.மு.க. சந்தித்த முதல் நாடாளுமன்றத் தேர்தல் களம் திண்டுக்கல். உறுப்பினர் மு. ராஜாங்கத்தின் மறைவால் 1973 மே 20-இல் அங்கு இடைத்தேர்தல் நடந்தது. இரட்டை இலைச் சின்னத்தில் போட்டியிட்ட மாயத்தேவர் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்கு வேறுபாட்டில் வென்றார். பழைய காங்கிரசின் என்.எஸ்.வி. சித்தன் இரண்டாம் இடத்தையும், ஆளுங்கட்சியான தி.மு.க. மூன்றாம் இடத்தையும் பெற்றனர். 1974-இல் அதே அரசு மதுவிலக்கை மீண்டும் கொண்டுவந்தது.

இதை மதுவுக்கு எதிரான மக்கள் தீர்ப்பு என்று கூறுவோர் உண்டு. அது மிகை. எம்.ஜி.ஆரின் திரைப்புகழ், ஊழல் குற்றச்சாட்டு, கட்சிப் பிளவு எல்லாம் ஒரே வாக்குச்சீட்டில் கலந்திருந்தன. 1981-இல் அதே எம்.ஜி.ஆரின் அரசே கள், சாராயக் கடைகளைத் திறந்தது, 1983-இல் டாஸ்மாக் நிறுவனத்தைத் தொடங்கியது. வேட்பாளருக்குப் போடும் வாக்கு ஒரு கொள்கையை எட்டு ஆண்டுகூடக் கட்டிப்போடவில்லை.

1985-க்குப் பின்

1985 செப்டம்பர் 15-இல் திண்டுக்கல் தனி மாவட்டமானது. மறுநாள், செப்டம்பர் 16-இல், மத்திய போதைப்பொருள் சட்டம் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. நவம்பர் 14-இல் நடைமுறைக்கு வந்தது. 1961-ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கை, மருத்துவம் சாராத கஞ்சாப் பயன்பாட்டை நிறுத்த 25 ஆண்டுத் தவணை அளித்திருந்தது. அந்தத் தவணை முடியும் தறுவாயில் இச்சட்டம் வந்தது. இது பூக்கும் நுனிகளையே 'கஞ்சா' என்கிறது. தனித்த இலையும் விதையும் அதில் அடங்கா. வட இந்தியாவில் பாங்கு விற்பனை தொடர்வது இதனால்தான். தமிழ்நாட்டின் 1937-ஆம் ஆண்டுச் சட்டமோ இலையையும் சேர்த்தே தடுக்கிறது.

இன்று ஒரு கிலோ வரை 'சிறிய அளவு'. அதற்கு ஓராண்டு வரை சிறை. 20 கிலோவுக்கு மேல் 'வணிக அளவு'; குறைந்தது பத்தாண்டு சிறை, பிணை கிடைப்பதும் அரிது. தானே முன்வந்து சிகிச்சை பெறும் அடிமைக்குச் சிறிய அளவு வழக்கிலிருந்து விலக்களிக்கும் 64ஏ பிரிவும் சட்டத்தில் உண்டு. ஆனால் அதைப் பற்றி ஊரில் அறிந்தவர் குறைவு. 2021 டிசம்பரில் தமிழகக் காவல்துறை 'ஆபரேஷன் கஞ்சா வேட்டை' என்ற பெயரில் மாநிலம் தழுவிய நடவடிக்கையைத் தொடங்கியது. ஆந்திர–ஒடிசா எல்லை மலைகளிலிருந்தே பெரும்பகுதிக் கஞ்சா தமிழகத்துக்கு வருகிறது.

அனுமதி கோருவோர் 1894 அறிக்கையையும் நிரம்பிய சிறைகளையும் காட்டுகின்றனர். எதிர்ப்போர் டாஸ்மாக்கைக் காட்டுகின்றனர்: அரசே விற்றால் விற்பனையைக் குறைக்க அரசுக்கு ஆர்வம் இருக்காது என்பது அவர்கள் வாதம். தமிழகச் சூழலில் இரண்டாவது வாதமே வலுவானது. ஆனால் அது அரசுக் கடைக்கு எதிரான வாதமே தவிர, 200 கிராம் வைத்திருந்த இளைஞனைச் சிறைக்கு அனுப்புவதற்கான வாதம் அல்ல.

வெளிநாட்டு வாக்கெடுப்புகளின் முடிவுகள் ஒரே திசையில் செல்லவில்லை. கொலராடோவும் வாஷிங்டனும் 2012-இல், கலிபோர்னியா 2016-இல் அனுமதித்தன. நியூசிலாந்தில் 2020-இல் 50.7 விழுக்காட்டினர் மறுத்தனர். அதே ஆண்டு டிசம்பர் 2-இல் ஐ.நா. போதைப்பொருள் ஆணையம் கஞ்சாவை மிகக் கடுமையான நான்காம் பட்டியலிலிருந்து 27–25 என்ற வாக்குக்கணக்கில் நீக்கியது. இந்தியா ஆதரித்து வாக்களித்தது. உள்நாட்டுச் சட்டம் அதனால் மாறவில்லை.

இந்தியாவில் போதை குறித்த நேரடி வாக்கெடுப்புக்கு மகாராஷ்டிரம் ஒரு முன்னுதாரணம். அங்கு 25 விழுக்காடு பெண் வாக்காளர்கள் கையெழுத்திட்டுக் கோரினால் மதுக்கடை பற்றி ரகசிய வாக்கெடுப்பு நடத்தலாம். மொத்தப் பெண் வாக்காளர்களில் பாதிக்கு மேற்பட்டோர் எதிர்த்தால் கடை மூடப்படும். நிற்கும் புட்டி, கிடக்கும் புட்டி ஆகியவை அந்த வாக்குச்சீட்டின் சின்னங்கள். தமிழ்நாட்டில் கிராம சபைகள் 2017-இல் பல ஊர்களில் டாஸ்மாக் கடைகளுக்கு எதிராகத் தீர்மானம் நிறைவேற்றின.