அத்தியாயம் 14: கடலூரில் முடிந்த போர், தெற்கே திரும்பிய படை

1783 ஜூன் 20. மாலை நாலு மணி தாண்டியாயிற்று. கடலூருக்கு நேரே கடலில் இரண்டு கப்பல் வரிசைகள் நெருங்கிக்கொண்டிருக்கின்றன. ஆங்கிலேயர் பக்கம் 18 போர்க்கப்பல்கள், பிரெஞ்சுக்காரர் பக்கம் 15. சென்ற வாரம் இந்த இடத்தில்தான் விட்டோம். பாஞ்சாலங்குறிச்சிக் கதையில் கடலூருக்கு என்ன வேலை என்று கேட்கும் வாசகர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும்.

ஆங்கிலத் தளபதி எட்வர்ட் ஹியூஸின் கொடிக்கப்பல் ‘சூப்பர்ப்’. 74 பீரங்கிகள். 1760-ல் கடலில் இறங்கியது. மரக்கப்பல் கணக்கில் கிழம். பிரெஞ்சுத் தளபதி சஃப்ரனின் ‘ஏரோ’வுக்கும் 74 பீரங்கிகள்தான், ஆனால் அது கடல் கண்டு ஐந்தே வருஷம். 1782-ல் மட்டும் இந்த இரண்டு படைகளும் நான்கு முறை மோதின. திருகோணமலைச் சண்டையில் ஏரோவின் பெரிய பாய்மரமே முறிந்து விழுந்தது.

இந்தக் கடலில் கப்பலை ஓட்டுவதைவிட ஒக்கிடுவதுதான் பெரும்பாடு. புது மரமும் வடமும் ஐரோப்பாவிலிருந்து வர மாதக்கணக்காகும். நாகப்பட்டினச் சண்டையில் அடிபட்ட கப்பல்களைக் கடலூருக்குக் கொண்டுவந்த சஃப்ரன், ஊருக்குள் வீடுகளை இடித்து மரம் எடுத்தார். வீட்டுக்காரரைக் கேட்டா இடித்திருப்பார்கள்!

ஹியூஸுக்கு வேறு தொல்லை. ஈறு வீங்கி, பல் ஆடி, எழுந்து நிற்க முடியாமல் ஸ்கர்வி நோயில் கிடந்த மாலுமிகள் ஆயிரத்துக்கும் மேல். ஜூன் 20-ன் மூன்று மணி நேரச் சண்டையில் ஒரு கப்பலும் மூழ்கவில்லை. ஆனாலும் ஹியூஸ் சென்னைக்குத் திரும்பிவிட்டார். பிரெஞ்சுக்காரர் கையிலிருந்த கடலூரைத் தரைவழியே முற்றுகையிட்டிருந்த ஆங்கிலேய ஜெனரல் ஸ்டூவர்ட்டின் படைக்குக் கடல்பக்கத் துணை போயிற்று.

தெற்கேயிருந்த கர்னல் புல்லர்டனுக்கு ஓலை பறந்தது: உடனே கடலூருக்கு வா. அவரும் விரைந்தார். இன்னும் மூன்று நாள் நடைதான் பாக்கி. அப்போது, ஜூன் 29 அன்று, வெள்ளைக்கொடி கட்டிய ‘மீடியா’ என்ற சிறு போர்க்கப்பல் கடலூருக்கு வந்தது. இங்கிலாந்தும் பிரான்சும் ஜனவரி 20 அன்றே சமாதானத்துக்குக் கையெழுத்திட்டுவிட்டன! முடிந்துபோன போருக்காகத்தான் ஜூனில் அத்தனை பேர் செத்தார்கள்.

புல்லர்டனுக்கு இனிக் கடலூரில் வேலையில்லை. படையைத் தெற்கே திருப்பினார். ஆகஸ்டில் அந்தப் பீரங்கிகள் பாஞ்சாலங்குறிச்சி மண்கோட்டையின் முன் வந்து நின்றன.

பாளையக்காரர் கட்டபொம்மு நாயக்கர் (1790-ல் பட்டத்துக்கு வந்த வீரபாண்டிய கட்டபொம்மனுக்கு முந்தியவர்) அப்போது ஊரில் இல்லை; சொக்கம்பட்டி முற்றுகையில் இருந்தார். குண்டுபட்டு மதில் உடைந்தது. உடைப்பு வழியே ஏறிய கம்பெனிச் சிப்பாய்களைக் கோட்டைக்காரர்கள் அடித்து விரட்டினார்கள். ஆனால் அன்றிரவே முற்றுகையைப் பிளந்துகொண்டு வெளியேறிவிட்டார்கள்.

உள்ளே நுழைந்த புல்லர்டனுக்குப் பீரங்கிகளும் வெடிமருந்தும் கிடைத்தன. 40,000 வராகனும் கிடைத்தது. அதை உடனே படைக்குப் பங்கிட்டார். கூடவே ஒரு காகிதம். தூத்துக்குடியையும் முத்துக்குளிப்பையும் 1658 முதல் கையில் வைத்திருந்த டச்சுக்காரர்களின் கொழும்பு அரசு, கட்டபொம்மு நாயக்கரோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தின் மூலப்பிரதி அது.

பிரான்சோடுதான் சமாதானம். டச்சுக்காரர்களோடு ஆங்கிலேயர் இன்னும் கையெழுத்திடவில்லை.

அந்தக் காகிதம் பாளையக்காரரை என்ன பாடுபடுத்தியது? நவம்பரில் தலைச்சேரிக் கடலில் சூப்பர்ப் எப்படி முடிந்தது? அடுத்த வாரம்.