சட்டமா அதிபர் பதவி: அமெரிக்காவில் தேர்தல், இலங்கையில் நியமனம்

மட்டக்குளியிலிருந்து புதுக்கடை நீதிமன்றத்துக்குத் தவணைக்குப் போய்வரும் குடும்பங்களுக்கு ஒரு பதில் நன்கு பழக்கமானது: "சட்டமா அதிபரின் ஆலோசனை இன்னும் கிடைக்கவில்லை." விளக்கமறியல் அடுத்த தவணை வரை நீளும். ஒருவரின் சுதந்திரத்தை இந்தளவு தீர்மானிக்கும் பதவிக்கு யார், எப்படி வருகிறார்கள்? அங்கிருந்து எங்கே போகிறார்கள்?

அமெரிக்காவில் 43 மாநிலங்களில் சட்டமா அதிபரை மக்களே வாக்களித்துத் தெரிவு செய்கின்றனர். அதனால் அது அரசியல் ஏணியின் ஒரு படி. ஆர்கன்சாவின் சட்டமா அதிபராக இருந்த பில் கிளின்டன் ஆளுநராகி, பின்னர் ஜனாதிபதியானார். கலிபோர்னியாவில் அப்பதவி வகித்த கமலா ஹாரிஸ் உப ஜனாதிபதியானார். 2006இல் காங்கிரஸுக்குத் தெரிவான முதல் முஸ்லிமான கீத் எலிசன், 2018இல் மினசோட்டாவின் சட்டமா அதிபராகத் தெரிவானார். ஜோர்ஜ் புளொய்ட் கொலை வழக்கை நடத்தி, 2021இல் பொலிஸ் அதிகாரி குற்றவாளியாகக் காணப்படச் செய்தவர் அவரே. மறுவருடத் தேர்தலில் ஒரு வீதத்துக்கும் குறைந்த வித்தியாசத்திலேயே அவர் வென்றார்.

இலங்கையில் அரசியலமைப்புப் பேரவையின் அங்கீகாரத்துடன் ஜனாதிபதி சட்டமா அதிபரை நியமிக்கிறார். இங்கே ஏணி நீதித்துறையை நோக்கிச் செல்கிறது. சரத் என். சில்வா 1999இலும் ஜயந்த ஜயசூரிய 2019இலும் அப்பதவியிலிருந்து நேரே பிரதம நீதியரசர்களாயினர். மொஹான் பீரிஸ் 2013இல் அந்த ஆசனத்துக்கு வந்தார். ஆக, வாக்காளரை எதிர்பார்க்கத் தேவையில்லை. ஆனால் அடுத்த உயர்வு ஜனாதிபதியின் கையில்.

அரசாங்கத்தின் சட்டத்தரணியும் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்பவரும் இங்கே ஒருவரே. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் 2020 மே மாதம் கைதான கவிஞர் அஹ்னாப் ஜஸீமை, 2023 டிசம்பரில்தான் புத்தளம் மேல் நீதிமன்றம் விடுதலை செய்தது. மூன்றரை வருடங்களை அவருக்கு யார் திருப்பிக் கொடுப்பது?

1990களின் நடுப்பகுதியில் நம்மவரான ஷிப்லி அஸீஸ் இந்த ஆசனத்தில் இருந்தார். அது பெருமைக்குரியது. எனினும், நம்மவர் ஒருவர் அமர்வதால் மட்டும் கோவைகள் வேகமாக நகராது. 1970களில் இருந்து கைவிடப்பட்ட தனியான வழக்குத்தொடுநர் அலுவலகம் பற்றி இப்போது மீண்டும் பேசப்படுகிறது. ஆட்சியாளரிடமிருந்தும் பதவி உயர்விலிருந்தும் விலகி நிற்கும் அப்படியோர் அலுவலகத்தையே நாம் கேட்க வேண்டும்.