பிரெஞ்சு முதுகலைக் கல்வி: ஆரணி வட்டாரத்திலிருந்து ஒரு பார்வை

பிரெஞ்சு முதுகலை (எம்.ஏ. பிரெஞ்சு) என்பது பிரெஞ்சு மொழியையும் அதன் இலக்கியத்தையும், அம்மொழி வழங்கும் நாடுகளின் வரலாற்றையும் பண்பாட்டையும் இளங்கலைக்குப் பின் இரண்டு ஆண்டுகள், நான்கு பருவங்களாகக் கற்பிக்கும் பல்கலைக்கழகப் படிப்பு. தமிழ் வழங்கும் பகுதியில் சென்னைப் பல்கலைக்கழகமும் புதுவைப் பல்கலைக்கழகமும், புதுச்சேரி இலாசுப்பேட்டையிலுள்ள காஞ்சி மாமுனிவர் அரசு பட்டமேற்படிப்பு நிறுவனமும் இதற்கு முதன்மையான இடங்கள். திருவண்ணாமலை மாவட்டத்துப் பட்டு நெசவு நகரமான ஆரணியில் இப்படிப்பு கிடையாது. ஆனால் ஆரணியைச் சுற்றிய நிலத்தின் பதினெட்டாம் நூற்றாண்டு வரலாற்றில் ஒரு பெரும்பகுதி பிரெஞ்சில்தான் எழுதப்பட்டுக் கிடக்கிறது. அதை மூலத்திலேயே படிக்கக்கூடியவர்கள் இந்த வட்டாரத்திலிருந்து வரவேண்டும் என்பதால், இக்கட்டுரை அப்படிப்பை ஆரணியில் நின்று பார்க்கிறது.

ஆரணி, செஞ்சி, வந்தவாசி

1749 ஆகஸ்டில் ஆம்பூர்ப் போரில் ஆர்க்காட்டு நவாப் அன்வாருதீன் கொல்லப்பட்டபோது, நவாப் பதவிக்குப் போட்டியிட்ட சந்தா சாகிபின் பக்கம் நின்று போரிட்டது புதுச்சேரி ஆளுநர் துய்ப்ளேக்ஸின் படை. அடுத்த ஆண்டு செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி செஞ்சிக் கோட்டையை ஒரே இரவில் பிடித்தார். 1751இல் ஆர்க்காட்டு முற்றுகையைக் கைவிட்டுப் பின்வாங்கிய, சந்தா சாகிபின் மகன் ராஜா சாகிபும் அவருக்குத் துணைவந்த பிரெஞ்சுப் படையினரும் டிசம்பர் 3 அன்று ஆரணியருகே ராபர்ட் கிளைவிடம் தோற்றனர். கிளைவுக்குத் துணையாக முராரி ராவின் மராத்தியக் குதிரைப்படை வந்திருந்தது. 1760 ஜனவரி 22 அன்று வந்தவாசியில் ஆங்கிலேயத் தளபதி ஐர் கூட்டிடம் பிரெஞ்சுத் தளபதி லாலி தோற்றார்; மறு ஆண்டே புதுச்சேரி வீழ்ந்தது. வந்தவாசியும் செஞ்சியும் ஆரணியிலிருந்து காலையில் கிளம்பி மாலைக்குள் போய்த் திரும்பிவிடக்கூடிய ஊர்கள்.

இப்போர்களை நாம் பெரும்பாலும் ஆங்கிலேயர் எழுதியபடியே அறிந்திருக்கிறோம். ராபர்ட் ஆர்ம் எழுதிய வரலாறும் அதைப் பின்பற்றி வந்த கிளைவ் கதைகளுமே நம் பாடநூல்களுக்கு ஊற்று. எதிர்த்தரப்பின் குரல் துய்ப்ளேக்ஸின் கடிதங்களிலும் புதுச்சேரி ஆலோசனைச் சபையின் நடவடிக்கைக் குறிப்புகளிலும் இருக்கிறது. புதுச்சேரியின் ஆளுநராகவும் வரலாற்றாசிரியராகவும் இருந்த ஆல்பிரெட் மார்த்தினோ இவற்றையெல்லாம் துருவி, துய்ப்ளேக்ஸ் பற்றிப் பல தொகுதிகள் எழுதினார். மூன்றாவது சாட்சி துய்ப்ளேக்ஸின் துபாஷாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை. 1736 முதல் 1761 வரை நீளும் அவருடைய தமிழ் நாட்குறிப்பில் பிரெஞ்சுப் பதவிப் பெயர்களும் வணிகச் சொற்களும் அன்றைய உச்சரிப்பிலேயே நிறைந்திருக்கின்றன. இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கும் ஆற்றல் தமிழும் பிரெஞ்சும் ஒருசேரக் கற்ற ஒருவருக்குத்தான் வாய்க்கும்.

போர்கள் ஓய்ந்த பிறகும் தொடர்பு அறவில்லை. 1861இல் பிரிட்டனும் பிரான்சும் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, பிரிட்டிஷ் இந்தியப் பகுதிகளிலிருந்தும் பிரெஞ்சுத் தீவுகளுக்குக் கரும்புத் தோட்டக் கூலிகளைத் திரட்ட வழி பிறந்தது. அதற்கு முன்பே, 1853 மே மாதம் 'ஒரேலி' என்ற கப்பல் மார்த்தினிக் தீவில் முதல் இந்தியக் கூலிகளை இறக்கியிருந்தது. அடுத்த ஆண்டு இறுதியில் அதே கப்பல் குவாதலூப்புக்கும் போனது. புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பலேறியவர்களில் பலர் உள்நாட்டுத் தமிழ் மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள். இன்று அத்தீவுகளிலும் ரீயூனியனிலும் அவர்களுடைய வழித்தோன்றல்கள் பேசுவது பிரெஞ்சும் கிரியோலும். தங்கள் முன்னோரின் ஊரைத் தேடி அவர்கள் எழுதும் கடிதத்தைப் படித்துப் பதில் சொல்ல இங்கே ஆள் வேண்டும்.

கல்வி வளர்ந்த வழி

புதுச்சேரியில் பிரெஞ்சு மேற்கல்விக்கு அடித்தளம் இட்டது 1826இல் தொடங்கிய அரசக் கல்லூரி. அதுவே இன்றைய பிரெஞ்சு லிசே பள்ளி. மறு ஆண்டு ஒரு பொது நூலகம் எழுந்தது. இப்போது அது ரோமன் ரோலன் நூலகம். மிஷன் பாதிரிமார்களான மூஸேயும் துய்ப்புய்யும் தொகுத்த தமிழ்–பிரெஞ்சு அகராதியின் முதல் தொகுதி 1855இலும் இரண்டாம் தொகுதி 1862இலும் புதுச்சேரியில் அச்சாயின. பழந்தமிழ் நூல்களைப் பிரெஞ்சில் பெயர்ப்பவர்கள் இன்றும் அதைப் புரட்டுகிறார்கள். காரைக்காலில் வளர்ந்த ஜூலியன் வின்சோன் பாரீசில் தமிழ்ப் பேராசிரியரானார், உ.வே. சாமிநாதையரோடு அவர் நடத்திய கடிதப் போக்குவரத்து தமிழ்ப் பதிப்பு வரலாற்றில் நன்கு அறியப்பட்ட ஒன்று. 1889இல் புதுச்சேரியிலும் 1953இல் சென்னையிலும் அலியான்ஸ் பிரான்சேஸ் தொடங்கியது.

1954 நவம்பர் 1 அன்று புதுச்சேரி இந்தியாவோடு இணைந்தது. 1956இல் கையெழுத்தாகி 1962இல் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தம், மக்கள் பிரதிநிதிகள் வேறு முடிவு எடுக்கும்வரை பிரெஞ்சு அங்கே ஆட்சிமொழியாக நீடிக்கும் என்றது. அதற்கு முன்பே, 1955இல் ஜான் ஃபிலியோசாவின் தலைமையில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் அமைந்தது. அங்கே திரட்டப்பட்ட சைவ ஆகம ஓலைச்சுவடிகளை யுனெஸ்கோ 2005இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. அந்நிறுவனம் 1968இல் வெளியிட்ட பிரான்சுவா குரோவின் பரிபாடல் பெயர்ப்பு, சங்க இலக்கியத்தைப் பிரெஞ்சு வாசகர் முன் ஆராய்ச்சிக் குறிப்புகளோடு வைத்த பெரும்பணி. 1985இல் புதுவைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டபின் பிரெஞ்சு முதுகலைக்கும் முனைவர் ஆய்வுக்கும் அங்கே உறுதியான இடம் கிடைத்தது.

என்ன படிக்கிறார்கள்

பாடத்திட்டம் இடத்துக்கு இடம் மாறும். மொழிப்பயிற்சி, பதினேழாம் நூற்றாண்டின் மொலியேர், ராசீன் முதல் காம்யு வரையான இலக்கியம், சொசூர் வழிவந்த மொழியியல், பிரெஞ்சை அயல்மொழியாகக் கற்பிக்கும் முறை, மொழிபெயர்ப்பு ஆகியவை பொதுவாக எங்கும் உண்டு. புதுவைப் பல்கலைக்கழகத்தின் முதுகலை மொழிபெயர்ப்புக்கும் உரைபெயர்ப்புக்கும் கூடுதல் அழுத்தம் தருகிறது. பிரான்சுக்கு வெளியே எழுதப்படும் பிரெஞ்சு இலக்கியம் இப்போது தனித்தாளாகவே கற்பிக்கப்படுகிறது. செனகலின் செங்கோர், மார்த்தினிக்கின் எமே செசேர், மொரோக்கோவின் தஹர் பென் ஜெலூன் ஆகியோர் அதில் அடிக்கடி இடம்பெறுவர். நம் மாணவர்களுக்கு மிக நெருக்கமான எழுத்து இந்தப் பகுதியில்தான் இருக்கிறது. கூலிக் கப்பலேறியவர்களின் அனுபவத்தைக் கவிதையாக்கிய மொரீசியக் கவிஞர் கால் தொராபுல்லியும், புதுச்சேரித் தெருவொன்றின் வாழ்வை 'திண்ணை' என்ற பெயரிலேயே பிரெஞ்சு நாவலாக்கிய ஆரி கோத்தியேவும் இந்த வரிசையில் இடம்பெற வேண்டியவர்கள்.

பண்பாட்டு வரலாற்றுப் பாடத்தில் ஆரணி மாணவர் ஒருவருக்கு வேறு யாருக்கும் கிட்டாத பிடிமானம் கிடைக்கும் பகுதி ஒன்று உண்டு. அது லியோன் நகரப் பட்டு நெசவாளர் வரலாறு. ஆரணித் தறிகளின் மேல் ஏறியிருக்கும் ஜக்கார்டு பெட்டி, லியோனில் பிறந்த ஜொசெஃப் மரி ஜக்கார் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாக்கிய கருவியின் வழிவந்தது. துளையிட்ட அட்டைகள் வரிசையாக நகர, எந்த இழை உயர வேண்டும் என்பதை அட்டையிலுள்ள துளைகள் தீர்மானிக்கும். புட்டாவும் கரையும் இப்படியே விழுகின்றன. லியோனின் குருவா ரூஸ் மேட்டில் நெசவாளர் வீடுகளுக்கு மிக உயரமான கூரை வைக்கப்பட்டதற்குக் காரணம் இந்தக் கருவியின் உயரமே. 'கனூ' என்று அழைக்கப்பட்ட அந்நெசவாளர்கள் வணிகரிடம் பட்டு நூலை வாங்கி, சொந்தத் தறியில் நெய்து, நெய்த அளவுக்குக் கூலி பெற்றார்கள். 1831 அக்டோபரில் குறைந்தபட்சக் கூலிவிகிதம் ஒன்று பேசி முடிக்கப்பட்டது. வணிகர் பலர் அதை ஏற்க மறுத்தனர். நவம்பரில் நெசவாளர்கள் எழுந்து நகரையே சில நாட்கள் தங்கள் கையில் வைத்திருந்தார்கள். 1834 ஏப்ரலில் மீண்டும் எழுந்தபோது படை கொண்டு ஒடுக்கப்பட்டார்கள். ஐரோப்பியத் தொழிலாளர் இயக்கத்தின் தொடக்க நிகழ்வுகளில் ஒன்றாக வரலாற்றாசிரியர்கள் இதைக் கருதுகிறார்கள். பாவும் ஜரிகையும் மாஸ்டர் வீவரிடம் வாங்கி, சேலைக்கு இவ்வளவு என்று கூலி பேசும் வீட்டில் வளர்ந்த மாணவர், இந்தக் கூலிப் பேச்சின் நுணுக்கத்தைப் பாரீசு மாணவரைவிட விரைவாகப் புரிந்துகொள்வார். ஆரணியும் லியோனும் பற்றிய ஓர் ஒப்பீட்டு ஆய்வேடு அப்படிப்பட்டவர் கையால் வரவேண்டும் என்பது இக்கட்டுரையாளரின் மனமார்ந்த விருப்பம்.

சேர்வதற்கான வழி

இளங்கலையில் பிரெஞ்சை முதன்மைப் பாடமாகப் படித்தவர்கள் நேரே சேரலாம். வேறு பட்டம் பெற்றவர்களுக்கு அந்தந்தப் பல்கலைக்கழகம் கேட்கும் மொழித்தேர்ச்சிச் சான்று தேவைப்படும். டெல்ஃப், டால்ஃப் என்ற பிரெஞ்சு அரசுத் தேர்வுகள் ஏ1 முதல் சி2 வரை ஆறு படிகளில் தேர்ச்சியை அளக்கின்றன. முதுகலை வகுப்பைத் தட்டுத்தடுமாறாமல் பின்தொடர பி2 அளவாவது இருந்தால்தான் நல்லது. மத்தியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் சேர்க்கை க்யூட் பி.ஜி. என்ற பொது நுழைவுத்தேர்வு வழியாக நடக்கிறது.

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் பிரெஞ்சின் நிலை வருந்தத்தக்கது. 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்கும் சட்டம் பத்தாம் வகுப்புவரை தமிழைப் படிப்படியாகக் கட்டாயமாக்கியபின், மாநிலப் பாடத்திட்டத்தில் பிரெஞ்சு பெரிதும் மேல்நிலை இரண்டாண்டுகளுக்குள் சுருங்கியது. அதிலும் எளிதில் மதிப்பெண் வரும் பாடம் என்பதற்காகவே பலர் அதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து வாங்கிய பிள்ளை ஒரு பிரெஞ்சு நாளிதழின் தலைப்பைக்கூட வாசிக்கத் திணறுகிறது. மொழி மீது இழைக்கப்படும் அநீதி இது, பிள்ளை மீதும்தான். ஆரணி போன்ற ஊர்களில் அந்த இரண்டாண்டு வாய்ப்பும் பெரும்பாலும் இல்லை.

எனவே பன்னிரண்டாம் வகுப்புவரை பிரெஞ்சையே பார்க்காத மாணவருக்கு உதவும் கதவுகளைச் சொல்ல வேண்டும். தில்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்திலும் ஐதராபாத் ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகத்திலும் இளங்கலைப் பிரெஞ்சு அரிச்சுவடியிலிருந்தே தொடங்குகிறது. அங்கேயே முதுகலையும் தொடரலாம். தமிழ்வழியில் படித்தவர்கள் ஆங்கிலம் சரியாக வராததை எண்ணித் தயங்க வேண்டியதில்லை. பிரெஞ்சு வகுப்பில் எல்லோரும் ஒரே எழுத்துக்கூட்டலிலிருந்துதான் தொடங்குகிறார்கள். பெயர்ச்சொல்லின் பால் வேறுபாடும் வினைத்திரிபும் ஆங்கிலவழி மாணவருக்கும் அதே அளவு புதியவை.

மொழிபெயர்ப்பு

இப்படிப்பின் விளைவைத் தமிழ் வாசகர் கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய இடம் மொழிபெயர்ப்பு. வெ. ஸ்ரீராம் பிரெஞ்சிலிருந்தே நேராகப் பெயர்த்த காம்யுவின் 'அந்நியன்' க்ரியா வெளியீடாக வந்து தமிழ் உரைநடையில் ஒரு புதிய கறார்த்தன்மையைக் காட்டியது. ச. மதனகல்யாணியும் அவரும் சேர்ந்து பெயர்த்த 'குட்டி இளவரசன்' இன்றும் விற்பனையில் இருக்கிறது. மதனகல்யாணி காம்யுவின் 'கொள்ளைநோய்' நாவலையும் தந்தார். பிரான்சில் வாழும் நாகரத்தினம் கிருஷ்ணா, மார்கெரித் துராஸின் 'காதலன்', லெ கிளேசியோவின் 'குற்ற விசாரணை' ஆகியவற்றைத் தமிழாக்கினார். காஞ்சி மாமுனிவர் நிறுவனத்தில் பிரெஞ்சுப் பேராசிரியராக இருந்த சு.ஆ. வெங்கட சுப்புராய நாயகர் பெயர்த்த தஹர் பென் ஜெலூனின் 'உல்லாசத் திருமணம்' ரோமன் ரோலன் மொழிபெயர்ப்புப் பரிசைப் பெற்றது. ஆங்கிலத்தின் இடைத்தரகு இல்லாமல் ஒரு மொழி இன்னொரு மொழியோடு பேசுவதன் துல்லியத்தை இந்நூல்களில் காணலாம்.

எதிர்த்திசையில் பணி இன்னும் மெல்லவே நடக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் புதுச்சேரியில் வாழ்ந்த அரியேல் குறளின் சில பகுதிகளைப் பிரெஞ்சாக்கினார். காமத்துப்பாலை 1992இல் பிரான்சுவா குரோ வெளியிட்டார். நவீனத் தமிழ்ப் புனைகதையில் பிரெஞ்சுக்குப் போயிருப்பது மிகச் சிறு பங்கு. அதற்குத் தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட, பிரெஞ்சில் தேர்ந்த பெயர்ப்பாளர்கள் இன்னும் பலர் தேவை.

வேலையும் ஆய்வும்

முதுகலை முடித்தவர்களில் பலர் பள்ளி, கல்லூரி ஆசிரியப் பணிக்குப் போகிறார்கள். கல்லூரிக்கு நெட் போன்ற தகுதி வேண்டும், நெட் தேர்வு பிரெஞ்சிலும் நடத்தப்படுகிறது. சென்னையிலும் பெங்களூரிலும் பன்னாட்டு நிறுவனங்களின் பிரெஞ்சு வாடிக்கையாளர் பிரிவுகள், சுற்றுலா, ஆவண மொழிபெயர்ப்பு ஆகியவை மற்ற வழிகள். ஆய்வியல் நிறைஞர் பட்டத்தைப் பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் நிறுத்திவிட்டதால், முதுகலையிலிருந்து நேராக முனைவர் ஆய்வுக்குப் போக வேண்டியிருக்கிறது. 2030க்குள் 30,000 இந்திய மாணவர்களை வரவேற்பதாகப் பிரான்சு 2024 ஜனவரியில் அறிவித்தது.

ஆய்வுக்கான ஆவணங்கள் புதுச்சேரியிலுள்ள தேசிய ஆவணக் காப்பக மையத்திலும், பாரீசு தேசிய நூலகத்திலும், எக்ஸ் ஆன் புரொவான்சிலுள்ள கடல்கடந்த நாடுகளின் ஆவணக் காப்பகத்திலும் இருக்கின்றன. கடைசியாகச் சொன்ன காப்பகம் பழைய பிரெஞ்சிந்தியப் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகளை இணையத்தில் ஏற்றியிருக்கிறது. பாரீசு நூலகத்தின் 'காலிக்கா' மின்னூலகத்தில் பிரெஞ்சிந்தியா பற்றிய பழைய நூல்களையும் இதழ்களையும் கட்டணமின்றிப் படிக்கலாம். ஆரணியிலிருந்து கொண்டே, கைப்பேசியிலேயே இவற்றைத் திறக்க முடியும்.