அரிசி மண்டித் தராசில் எட்டுப் பேர்

சென்ற ஆண்டு பொங்கல் முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை காலை. குமாரசாமிப்பேட்டையில் நண்பர் ஒருவரின் அரிசி மண்டியில் நாங்கள் எட்டுப் பேர் வரிசையில் நின்றோம். அரிசி வாங்க அல்ல, மூட்டை நிறுக்கும் தராசில் எங்களையே நிறுத்துக்கொள்ள. எட்டுப் பேருமே ஓய்வூதியர்கள். தினமும் காலையில் அரசு கலைக் கல்லூரிப் பக்கம் நடந்துவிட்டு, நான்கு ரோட்டில் டீ குடித்துக் கலைகிறவர்கள். "நடக்கிறோமே தவிர ஒருத்தருக்கும் தொப்பை குறையவில்லையே" என்று டீக்கடைக்காரர் ஒரு நாள் சிரித்ததுதான் தொடக்கம்.

பந்தயத்தின் விதிகள் எளியவை. ஆளுக்கு 500 ரூபாய் கட்ட வேண்டும். பன்னிரண்டு வாரம், ஞாயிறுதோறும் எடை. கிலோவில் அல்ல, அவரவர் எடையில் எத்தனை சதவீதம் குறைந்தது என்பதே கணக்கு. இல்லாவிட்டால் பெரிய உடம்புக்காரருக்கு அனுகூலமாகிவிடும். வராதவர் அன்றைய டீச் செலவை ஏற்க வேண்டும். முப்பத்தைந்து வருடம் குமாஸ்தாவாக இருந்தவன் என்பதால் பதிவேடு என்னிடம் வந்தது. கோடு போட்ட நோட்டில் தேதி, பெயர், எடை, வித்தியாசம், குறிப்பு என்று ஐந்து கலம் போட்டேன். முதல் நாள் என் எடை 78 கிலோ.

எப்படிக் குறைப்பது என்பதில்தான் சண்டை. எங்கள் தலைமை ஆசிரியர் பேலியோ கட்சி. காலையில் பாதாம், மதியம் முட்டை, காய்கறி, இரவு பனீர் அல்லது கறி. சோறும் இட்லியும் கிட்டே வரக்கூடாது. அவரோடு இன்னும் இருவர் சேர்ந்தார்கள். வேளாண்மைத் துறையில் இருந்த நண்பரும் மற்றொருவரும் சிறுதானியக் கட்சி. வங்கியில் இருந்தவர் பட்டினிக் கட்சி. ஒரு வேளை உண்பவன் யோகி என்பதே அவர் வேதம். நானும் மின்வாரிய நண்பரும் எதையும் விடவில்லை, தட்டில் பாதி மட்டும் போட்டுக்கொண்டோம். எங்களுக்கு "அரைத்தட்டுக் கட்சி" என்று பெயர் வைத்தார்கள்.

பேலியோ என்றதும் ஏதோ நேற்று வந்த மோகம் என்று நினைக்க வேண்டாம். தமிழில் அது பரவியது பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குள்தான். அமெரிக்காவில் வசிக்கும் நியாண்டர் செல்வன் முகநூலில் தொடங்கிய "ஆரோக்கியம் & நல்வாழ்வு" குழுவில் லட்சக்கணக்கானோர் சேர்ந்தார்கள். இரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு உணவுப் பட்டியல் தருவது அவர்கள் வழக்கம். ஆனால் மாவுச்சத்துதான் தொப்பைக்குக் காரணம் என்ற பேச்சுக்கு ஏறக்குறைய இருநூறு வயது ஆகிறது.

இதை நான் அறிந்தது பிரெஞ்சில். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். அப்பா காலமான பிறகு தாய்மாமன் ஊரான தருமபுரிக்கு வந்து சேர்ந்தது தனிக்கதை. பள்ளி நாளில் எங்கள் ஆசிரியர் பிரிய்யா-சவரேன் என்பவரைப் பற்றிச் சொல்வார். அவர் சமையல்காரர் அல்ல, பிரான்சின் உயர் நீதிமன்றம் ஒன்றில் நீதிபதி. 1825 கடைசியில் சுவையின் உடலியல் பற்றி ஒரு நூல் வெளியிட்டார், அடுத்த சில வாரங்களில் இறந்துபோனார். உடல் பருப்பதற்கு மாவும் மாவுப் பண்டங்களுமே பெருங்காரணம் என்று அதில் அப்போதே எழுதியிருக்கிறார். நானும் ஒரு சர்க்கார் ஊழியன் என்பதால் அந்த நீதிபதி மேல் எனக்கு ஒரு பாசம்.

அடுத்தவர் லண்டன்காரர் வில்லியம் பாண்டிங். அரச குடும்பத்துச் சவ அடக்கங்களை ஏற்று நடத்திய குடும்பம். அறுபத்தைந்தைத் தாண்டிய வயதில் உயரம் ஐந்தடி ஐந்தங்குலம், எடை 202 பவுண்டு, அதாவது 92 கிலோவுக்குக் கிட்ட. குனிந்து செருப்பு வாரைக் கட்ட முடியாத நிலை. காது மந்தமாகிறது என்று 1862ல் டாக்டர் ஹார்வியிடம் போனார். ஹார்வியோ பாரிசில் க்ளோது பெர்னார் கல்லீரலையும் நீரிழிவையும் பற்றி ஆற்றிய சொற்பொழிவுகளைக் கேட்டவர். ரொட்டி, சர்க்கரை, பால், உருளைக்கிழங்கு, பீர் எல்லாவற்றையும் விடச் சொன்னார். ஓராண்டில் பாண்டிங் 46 பவுண்டு குறைந்தார். 1863ல் தன் அனுபவத்தைச் சிறு புத்தகமாக அச்சிட்டு முதலில் இலவசமாகவே கொடுத்தார். இன்றும் சுவீடன் நாட்டு மொழியில் எடை குறைக்கச் சாப்பாட்டைக் குறைப்பதற்கு அவர் பெயரிலிருந்து வந்த சொல்தான் வழக்கத்தில் இருக்கிறது.

இதைச் சொன்னதும் தலைமை ஆசிரியருக்கு உற்சாகம். "பார்த்தீர்களா! முன்னோர் சாப்பிட்டதைச் சாப்பிட்டால் வியாதி வராது" என்றார். வேளாண்மை நண்பர் விடவில்லை. "கற்காலத்துக்கு ஏன் சார் போகணும்? நம்ம தாத்தா ராகிக் களி, சாமைச் சோறு சாப்பிட்டார். தொப்பை இருந்ததா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வி என்னைப் பழைய பதிவறைக்கு அழைத்துப்போனது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் லெ ஃபானு எழுதி 1883ல் வெளிவந்த சேலம் ஜில்லா மானுவலைப் புரட்டியிருக்கிறேன். பெயர் பிரெஞ்சாக இருக்கிறதே என்றுதான் எடுத்தேன். தருமபுரி அன்று சேலம் ஜில்லாவில் ஒரு தாலுகா. நாம் தனி மாவட்டமானது 1965 அக்டோபர் 2ல்தான். அந்தப் புத்தகம் வெளிவருவதற்குச் சில ஆண்டுகள் முன்புதான் 1876–78 தாது வருஷப் பஞ்சம். 1871 கணக்கெடுப்பில் சேலம் ஜில்லா மக்கள் ஏறக்குறைய பத்தொன்பதரை லட்சம். 1881ல் சுமார் பதினாறு லட்சம். பத்தாண்டில் பெருக வேண்டிய ஜனத்தொகை மூன்றரை லட்சம் குறைந்திருக்கிறது.

அந்தப் பஞ்சத்திலும் ஓர் உணவு விவாதம் நடந்தது. வைஸ்ராய் லிட்டன் அனுப்பிய சர் ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலை செய்யும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் சில்லறையும் போதும் என்று கூலியைக் குறைத்தார். ஒரு பவுண்டு என்றால் 450 கிராம். நாள் முழுக்க மண் சுமப்பவனுக்கு அது. சென்னை மாகாணச் சுகாதாரக் கமிஷனர் டாக்டர் கார்னிஷ் எதிர்த்தார். குறைந்தது ஒன்றரை பவுண்டு தானியம் வேண்டும், அதோடு பருப்பும் காய்கறியும் வேண்டும் என்று எழுத்து எழுத்தாக வாதாடினார். 1877லேயே மாகாண அரசு பாதி வழி இறங்கி வந்து ஒன்றேகால் பவுண்டும் கொஞ்சம் பருப்பும் கொடுத்தது. அதற்குள் எத்தனையோ பேர் போய்விட்டார்கள்.

ஆகவே தாத்தாவுக்குத் தொப்பை இல்லாததற்கு ராகி மட்டும் காரணமில்லை. ராகியும் போதுமான அளவு கிடைக்கவில்லை, கிடைத்ததை எரிக்கக் காடு மேடெல்லாம் வேலை இருந்தது. நான் இந்த ஊருக்கு வந்த 1960களில் என் அத்தை வீட்டில் பொங்கல், தீபாவளிக்குத்தான் நெல்லுச் சோறு. மற்ற நாளெல்லாம் களியும் கீரைக் குழம்பும். களியை மெல்லாமல் விழுங்கத் தெரியாமல் விழித்த புதுச்சேரிப் பையனைப் பார்த்து எல்லோரும் சிரிப்பார்கள். அத்தையிடம் கேட்டால் ராகியின் பெருமையைச் சொல்ல மாட்டார். "அரிசி இருந்தா எவன்டா களி கிண்டுவான்?" என்பார்.

பிறகு அரிசி வந்தது. 2008ல் கிலோ ஒரு ரூபாய், 2011 ஜூனிலிருந்து விலையில்லாமல் இருபது கிலோ வரை. பசி போனது. அதைக் குறை சொல்பவன் பஞ்சத்தின் கணக்கைப் படிக்காதவன். ஆனால் காட்டு வேலை குறைந்தது, சோறு மூன்று வேளையும் வந்தது. 2023ல் வெளியான தேசிய ஆய்வு இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் நீரிழிவு என்றது. அதே 2023ல் நீலகிரி, தருமபுரி இரண்டு மாவட்டங்களில் ரேஷன் அரிசியில் இரண்டு கிலோவுக்குப் பதிலாகக் கேழ்வரகு வாங்கிக்கொள்ளலாம் என்று அரசு தொடங்கியது. அத்தை இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ! ராகியில் சுண்ணாம்புச் சத்து அரிசியைவிடப் பல மடங்கு, நார்ச்சத்தும் அதிகம். ஆனால் கலோரியில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. மூன்று உருண்டை களி தின்றால் எடை குறையாது. எங்கள் சிறுதானியக் கட்சியில் ஒருவருக்கு இது நான்காவது வாரத்திலேயே தெரிந்துவிட்டது.

இனிச் சொல்லப்போவது எனக்கு வருத்தமான பகுதி. வங்கி நண்பர்தான் பதிவேட்டில் எல்லோருக்கும் முன்னால் போய்க்கொண்டிருந்தார். வாராவாரம் அவர் பெயருக்கு எதிரே சிவப்பு மையில் "மிக நன்று" என்று எழுதினேன். ஏழாவது ஞாயிறு தராசில் ஏறப் போனவருக்கு வியர்த்துக் கொட்டியது. கை நடுங்கியது. என் பெயரைக் கேட்டால் வேறு பெயரைச் சொன்னார். மண்டிக்காரர் ஓடிப்போய்ச் சர்க்கரைத் தண்ணீர் கொண்டுவந்தார். கால் மணி நேரத்தில் தெளிந்தார். நடந்தது இதுதான்: முந்தின இரவும் காலையும் சாப்பிடாமல், சர்க்கரை மாத்திரையை மட்டும் வழக்கம்போல் போட்டிருக்கிறார். சிலவகை மாத்திரைகள் சாப்பாடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் சர்க்கரையைக் கீழே இறக்கிக்கொண்டே இருக்கும். சாப்பாட்டைக் குறைப்பதற்கு முன் மருத்துவரைக் கேட்டு மாத்திரையைச் சரிசெய்துகொள்ள வேண்டும். எட்டுப் பேரில் ஐந்து பேர் மாத்திரை போடுகிறவர்கள் என்று தெரிந்தும், அப்படி ஒரு கலம் என் நோட்டில் இல்லை.

அவரை வீட்டில் கொண்டுபோய் விட்டபோது அவர் மனைவி கோபப்படவில்லை. "எடை குறையலைன்னா பரவாயில்லைங்க. ஆள் இருக்கணும்" என்றார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அடுத்த ஞாயிறு விதியை மாற்றினோம். மாத்திரை போடுகிறவர்கள் மருத்துவரைப் பார்த்துவிட்டு வர வேண்டும். எடை பார்க்கப் பட்டினியாக வரக்கூடாது. தராசோடு தையற்காரர் டேப்பும் வந்தது, இடுப்பளவுக்குப் பாதி மதிப்பெண். இதற்கும் காரணம் உண்டு. 2004ல் லான்செட் இதழில் புனே மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் யுட்கினும் தங்கள் படத்தை வெளியிட்டார்கள். உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு இருவருக்கும் ஒன்றே, 22.3. ஆனால் உடல் கொழுப்பு வெள்ளைக்காரருக்கு 9 சதவீதம், நம்மவருக்கு 21 சதவீதம். ஒல்லியாகத் தெரியும் இந்தியனின் வயிற்றுக்குள் கொழுப்பு ஒளிந்திருக்கிறது. அதனால்தான் நம் ஆண்களுக்கு இடுப்பு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 என்று எல்லை வைத்திருக்கிறார்கள். எனக்கு அன்று 98 இருந்தது.

பன்னிரண்டாவது வாரம் கணக்கு முடித்தேன். தலைமை ஆசிரியர் 86லிருந்து 80க்கு வந்து பரிசை வென்றார். நான் மூன்றரை கிலோ குறைந்திருந்தேன், இடுப்பு 94. பேலியோவே வென்றது என்று அவர் கட்சி கைதட்டியது. நான் நோட்டைத் திறந்து காட்டினேன். ஞாயிறு தவறாமல் வந்தவர்கள் ஐந்து பேர்: பேலியோ இருவர், சிறுதானியம் ஒருவர், அரைத்தட்டு இருவர். ஐவரும் மூன்று கிலோவுக்குக் குறையாமல் குறைத்திருந்தார்கள். வராமல் நின்ற பேலியோக்காரர் பழைய எடையிலேயே இருந்தார். நின்றுபோன சிறுதானியக்காரர் ஒரு கிலோ கூடியிருந்தார்.

எட்டுப் பேர் கணக்கு ஒரு கணக்கா என்று கேட்கலாம். 2018ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் 609 பேரை இரு பிரிவாக்கி ஓராண்டு பார்த்தார்கள். கொழுப்பைக் குறைத்தவர்கள் சராசரி 5.3 கிலோ, மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் 6 கிலோ. பெரிய வித்தியாசமில்லை. 2009ல் 811 பேருக்கு நால்வகை உணவுத் திட்டம் கொடுத்த ஆய்விலும் அதே முடிவு. அதில் இன்னொன்றும் தெரிந்தது: குழுக் கூட்டங்களுக்கு அதிகம் வந்தவர்களே அதிகம் குறைத்தார்கள். நியூயார்க்கில் ஜீன் நைடெட்ச் என்ற இல்லத்தரசி இதை முன்பே கண்டுபிடித்துவிட்டார். கையில் இருந்தது நகராட்சி மருத்துவமனை கொடுத்த பட்டியல்தான். ஒளித்துவைத்துப் பிஸ்கட் தின்னும் பழக்கத்தைச் சொல்லி ஆற்ற 1961ல் ஆறு தோழிகளை வீட்டுக்கு அழைத்தார். வாராவாரம் கூடினார்கள். 1963ல் அது வெயிட் வாட்சர்ஸ் என்ற நிறுவனமானது.

இப்போது ஓராண்டுக்கு மேலாகிறது. தலைமை ஆசிரியர் 83, நான் 76. போன எடையில் பாதி திரும்பிவிட்டது. அந்த ஆய்வுகளில் இருந்தவர்களுக்கும் பலருக்கு இப்படித்தான் ஆகியிருக்கிறது என்று எங்களுக்குள் ஆறுதல் சொல்லிக்கொள்கிறோம். மாதம் ஒரு ஞாயிறு இன்னும் மண்டியில் கூடுகிறோம், பணப் பந்தயம் இல்லை. வங்கி நண்பரும் வருகிறார். மருத்துவர் மாத்திரையை மாற்றிக் கொடுத்திருக்கிறார், இரண்டு வேளை அளவாகச் சாப்பிடுகிறார். என் நோட்டில் ஆறாவதாக ஒரு கலம் சேர்த்திருக்கிறேன்: "சாப்பிட்டு வந்தாரா?" அதைக் கேட்டுக் குறித்த பிறகே யாரும் தராசில் ஏறலாம்.