பேணுவோர் உரிமையும் காட்டின் நலமும்: பிலிகிரிரங்கன் மலையில் உண்ணிச்செடி, புல்லுருவிப் பரவல் குறித்து

பழங்குடிகள் வாழும் காடுகளில் அயல் தாவரங்களும் மர நோய்களும் பரவுவதை உயிரியல் சிக்கலாக மட்டும் கொண்டு, வெட்டுதல், பிடுங்குதல் ஆகிய தொழில்நுட்ப வழிகளிலேயே தீர்வு தேடுவது வன நிர்வாகத்தின் நெடுங்கால வழக்கமாகும். காட்டை ஆண்டுதோறும் பேணிய உழைப்பும் அவ்வுழைப்புக்கு அடிப்படையான உரிமையும் அங்கு வாழ்வோரிடமிருந்து விலக்கப்படும்போது இப்பரவலைத் தடுக்கும் ஆற்றலையும் காடு இழக்கிறது என்பதைக் கர்நாடகத்தின் சாமராஜநகர் மாவட்டத்திலுள்ள பிலிகிரிரங்கன் மலையின் சான்றுகளைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

வேற்றுநிலத்து உயிரினம் ஒன்று மனிதரால் கொண்டுவரப்பட்டு, தானே பெருகி, அங்குள்ள உயிரினங்களின் இடத்தைக் கைப்பற்றுமாயின் அது ஆக்கிரமிப்பு அயலினம் எனப்படும். லான்டானா என்னும் உண்ணிச்செடி அத்தகையது. அமெரிக்க வெப்பமண்டலத்தைத் தாயகமாகக் கொண்ட இச்செடி, 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தா தாவரவியல் தோட்டத்துக்கு அழகுச்செடியாக வந்து, பறவைகள் தின்று பரப்பிய விதைகளால் நாடெங்கும் பெருகியது. பிலிகிரிரங்கன் மலையில் 1997 இல் அளவிடப்பட்ட நிலத்துண்டுகளை ஏட்ரீ ஆய்வு நிறுவனத்தார் 2008 இல் மீண்டும் அளந்தபோது, இச்செடி காணப்பட்ட துண்டுகளின் பங்கு சுமார் 40 விழுக்காட்டிலிருந்து சுமார் 80 விழுக்காடாக உயர்ந்திருந்தது. அதன் புதர் நிழலில் புல்லும் மரக்கன்றுகளும் தழைப்பதில்லை. ஆகவே விலங்குகளின் தீவனமும் காட்டின் அடுத்த தலைமுறை மரங்களும் ஒருங்கே குறைகின்றன.

இம்மலையின் தொல்குடிகளான சோளகர், கோடையின் தொடக்கத்தில், சருகு மெல்லிய படலமாகக் கிடக்கும்போதே அதற்குத் தீயிடும் வழக்கம் உடையவர்களாக இருந்தனர். ‘தரகு பெங்கி’ எனப்படும் இச்சருகுத் தீ தாழ்வாகவும் விரைவாகவும் ஓடிப் புல்லைப் புதுப்பித்ததோடு, உண்ணிச்செடியின் நாற்றுகளையும் அழித்தது என்பது அவர்கள் கூற்று. 1974 இல் காடு சரணாலயமாக அறிவிக்கப்பட்டதும் இவ்வழக்கமும் காடெரித்துப் பயிரிடும் வேளாண்மையும் தடைசெய்யப்பட்டன. குடிகள் ‘போடு’ எனப்படும் நிலையான குடியிருப்புகளில் அமர்த்தப்பட்டனர். பரவல் பெருகியது இத்தடைக்குப் பின்னரே என்பதால் தடை ஒன்றே காரணமென்று முடிவு கட்டிவிட இயலாது. எனினும் பேணுவோரை விலக்குவது காட்டுக்குக் கேடு என்னும் கருத்துக்கு நெல்லி மரங்களின் நிலை வலுச் சேர்க்கிறது.

புல்லுருவி, மரக்கிளைக்குள் உறிஞ்சுவேரைச் செலுத்தி நீரையும் உப்புகளையும் எடுத்துக்கொள்ளும் ஒட்டுண்ணித் தாவரமாகும். இது பற்றிக்கொண்ட நெல்லி மரம் காய்ப்பில் குன்றி, நாளடைவில் பட்டுப்போகிறது. கனி பறிக்கும்போதே புல்லுருவி பற்றிய கிளைகளைக் கழித்துவிடுவது சோளகரின் பழக்கமாக இருந்தது. வனவிலங்குச் சட்டத் திருத்தத்தைக் காட்டி 2000களின் நடுவில் கனி சேகரித்து விற்பது தடுக்கப்பட்டபோது, அறுவடையோடு இணைந்திருந்த இந்த மர மருத்துவமும் நின்றது. கனி பறித்தலைக் காட்டிலும் புல்லுருவியும் உண்ணிச்செடியுமே நெல்லிக்குப் பெருங்கேடு என்று பின்வந்த ஆய்வுகள் காட்டியிருப்பதால், காட்டைக் காக்கவென விதித்த தடை காவலர்களையே அகற்றிவிட்டது எனலாம்.

சருகுத் தீ பற்றிய கூற்றுக்கு வலுவான மறுப்பொன்றும் உண்டு. உண்ணிச்செடி மண்டிய காட்டில் இடப்படும் தீ சருகோடு நில்லாது புதரைப் பற்றி மரங்களையும் எரிக்கும். எரிந்த தூரிலிருந்து செடி மீண்டும் துளிர்க்கும். எனவே தீயும் உண்ணிச்செடியும் ஒன்றையொன்று வளர்க்கக்கூடும் என்று சூழலியலாளர் சிலர் கருதுகின்றனர். இம்மறுப்பால் பழைய முறை பிழையென்று ஆகிவிடாது. அது கைவிடப்பட்ட காலத்தில் காடு மாறிவிட்டது என்பதே பெறப்படும். ஆகவே முதலில் புதரை வேர்த்தூரோடு களைந்து, புல் மீண்ட பின்னர்ச் சருகுத் தீயைச் சிறு பரப்புகளில் சோளகரே இட்டு, அதன் விளைவை ஆய்வாளரோடு சேர்ந்து அளப்பது தக்க வழியாகும்.

மண்ணுக்குச் சற்றுக் கீழே தூரை வெட்டி எடுத்தாலன்றி உண்ணிச்செடி மீளத் தழைக்கும்; எடுத்த பின்னரும் மண்ணில் உறங்கும் விதைகள் முளைப்பதால் பல்லாண்டுத் தொடர் களையெடுப்பு வேண்டும். பழங்குடிக் காடல்லாத நிலத்திலும் இவ்வுண்மை புலப்படுகிறது. கோலார் தங்கவயலைச் சூழ்ந்த வறண்ட மேட்டுநிலத்தில் சமூகக் காடுவளர்ப்பின் பெயரால் 1980களில் தைலமரம் பெருமளவில் நடப்பட்டது. 2000களில் இலைக்காம்பில் முடிச்சுகளை உண்டாக்கும் ஆஸ்திரேலியக் குளவி தென்னிந்தியத் தைலமரத் தோப்புகளைத் தாக்கியது. 2017 இல் கர்நாடக அரசு புது நடவைத் தடைசெய்தது. அரசாணை நடவை நிறுத்தலாம். ஆனால் வெட்டிய அடிமரத்திலிருந்து ஆண்டுதோறும் எழும் துளிரை அகற்ற நிலத்தோடு பிணைப்புள்ள மக்கள் வேண்டும். ஒருமுறை வெட்டிக் கூலி பெற்றுச் செல்லும் ஒப்பந்த முறையால் அது கைகூடாது.

2006 ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், சமூக வன வளத்தைக் காக்கவும் மீட்கவும் மேலாளவும் கிராம சபைக்கு உரிமை வழங்குகிறது. புலிகள் காப்பகமான பிலிகிரிரங்கன் மலையில் 2011 இல் 25 கிராம சபைகளின் சமூக உரிமைகள் ஏற்கப்பட்டது இந்தியப் புலிகள் காப்பகங்களுக்கே முன்னோடியாயிற்று. உண்ணிச்செடித் தண்டிலிருந்து நாற்காலியும் யானை உருவங்களும் செய்யும் கைத்தொழில் சோளகருக்கும் கூடலூர்ப் பகுதிப் பழங்குடிகளுக்கும் வருவாய் தருகிறது. ஆயினும் வருவாய் செடியின் இருப்பையே சார்ந்திருப்பின் அதனை ஒழிக்கும் நோக்கம் தளரும் என்பதால், கைத்தொழில் துணையாக நிற்கலாமேயன்றி மேலாண்மை அதிகாரத்துக்கு ஈடாகாது.

ஆகவே எந்தப் பரப்பை எப்போது களைவது, எங்கே தீயிடுவது, எந்த மரத்தில் புல்லுருவி கழிப்பது என்பவற்றைக் கிராம சபை முடிவு செய்ய வேண்டும். வனத்துறை அதற்குப் பல்லாண்டு நிதியும் ஆய்வுத் துணையும் அளிக்க வேண்டும். வெட்டிய பரப்பைக் கொண்டன்றி, மீண்ட புல்லையும் நிலைபெற்ற கன்றுகளையும் கொண்டே பணியின் வெற்றி மதிப்பிடப்பட வேண்டும். ஏட்டில் ஏற்கப்பட்ட உரிமை இவ்வாறு நடைமுறை அதிகாரமாகும்போதுதான் பழங்குடிகளின் காடு அயலினத்தையும் நோயையும் எதிர்த்து நிற்கும்.