திருகோணமலை மரம்

சென்னைப் பட்டினத்திற்குத் துறைமுகம் இல்லாதிருந்த காலம் ஒன்றுண்டு. கப்பல்கள் கரையிலிருந்து எட்டத்தில் நங்கூரமிட்டு நிற்கும். ஆட்களையும் சரக்குகளையும் கொந்தளிக்கும் அலைகளினூடே கரை சேர்ப்பதற்கு மசூலாப் படகுகளே உதவின. ஆணி அறையாது, பலகையோடு பலகையைக் கயிற்றினால் தைத்துக் கட்டிய படகுகள் அவை. அலை தூக்கி மணலில் மோதினாலும் பிளந்துபோகாது வளைந்து கொடுக்கும் பலகையே அவற்றுக்கு வேண்டியிருந்தது. அத்தகைய பலகை இலங்கையின் கீழைக் கரையிலிருந்து சென்றது. ஈழத்துத் தமிழர் சாவண்டலை என்றும், சிங்களவர் அல்மில்லை என்றும் வழங்கும் மரம் அது. சென்னை வணிகரோ மரத்தின் சொந்தப் பெயரைப் பொருட்படுத்தாது, அது கப்பலேறிய துறையின் பெயரையே அதற்குச் சூட்டித் ‘திருகோணமலை மரம்’ என்றனர். இயற்கைத் துறைமுகங்களுள் தலைசிறந்ததெனப் புகழ்பெற்ற ஓர் ஊர், துறைமுகமே இல்லாத ஓர் ஊருக்குப் படகு செய்ய மரம் அனுப்பியது.

1845 முதல் 1850 வரை இலங்கையில் குடியேற்றச் செயலாளராயிருந்த சேர் ஜேம்ஸ் எமர்சன் தெனன்ற், 1859இல் வெளியிட்ட தமது இலங்கை நூலில் இம்மரத்தையும் இவ்வாணிகத்தையும் குறித்துள்ளார். படகுக்கு மாத்திரமன்றி, சாராயம் நிரப்பும் பீப்பாய்களுக்கும் வண்டிகளுக்கும் அது பயன்பட்டது. நேராக உயர்ந்து வளரும் தன்மையும், உறுதி குறையாத இழையும் அதற்கு அப்பெருமையைத் தேடித்தந்தன.

திருகோணமலையின் வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் கோட்டையையும் கடற்படையையுமே எழுதினர். 1624இல் போர்த்துக்கேயர் கோட்டை கட்டியதும், 1639இல் ஒல்லாந்தர் அதனைப் பிடித்ததும், 1782 என்ற ஒரே ஆண்டில் ஆங்கிலேயர் ஒருமுறையும் பிரெஞ்சுக்காரர் ஒருமுறையுமாக அது கைமாறியதும், 1795இல் முடிவாக ஆங்கிலேயர் வசமானதும் பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த செய்திகள். அத்துறைமுகத்தின் பின்னால் கந்தளாய் வரையிலும், தெற்கே வெருகல் வரையிலும் பரந்திருந்த வனத்தைப் பற்றி அத்தனை விரிவாக எழுதியவர் இலர். ஆயினும் அவ்வனமும் துறைமுகத்தின் செல்வமே.

அவ்வனத்திலே பாலையும் முதிரையும் கருங்காலியும் செழித்திருந்தன. ஆங்கில நாட்டுச் செல்வர் இல்லங்களில் பட்டுப்போல் மினுங்கும் பொன்னிற மரத் தளபாடங்கள் பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நாகரிகமாயின. அதனால் முதிரைக்கு மேலைநாட்டில் மதிப்பு உயர்ந்தது. கருங்காலிக்கோ ஒல்லாந்தர் காலந்தொட்டே கிராக்கி இருந்தது. கருங்காலி மிக மெதுவாக வளரும் மரம். முதிர்ந்த மரத்தின் வயிரம் மாத்திரமே கரிய நிறம் பெறும். அதனைச் சூழ்ந்த வெளிறிய பகுதிக்கு விலையில்லை. ஆகவே காட்டிலேயே அதனைச் செதுக்கியெறிந்து, வயிரத்தை மட்டும் எடுத்துச் செல்வர். அவ்வயிரமும் நீரில் மிதவாது, அமிழ்ந்துவிடும். ஆற்றிலே மிதக்கவிட்டுக் கொண்டுவரும் மரமன்று அது. வண்டியிலேற்றித்தான் கரைக்குக் கொணரல் வேண்டும். எனவே துறைக்கும் வண்டிப் பாதைக்கும் அண்மையிலிருந்த மரங்களே முதலில் வீழ்ந்தன. அண்மைக் காடு வெறுமையானபின் கோடரி உட்காட்டை நோக்கி நகர்ந்தது.

இவ்வாணிகத்திற்குச் சட்டம் என்ன சொல்லிற்று என்று பார்க்க வேண்டும். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடும் தரிசும் பயிரிடப்படாத நிலமும், பிறருடையவென நிரூபிக்கப்படும் வரை முடிக்குரியனவென்றே கொள்ளப்படும் என விதித்தது. தலைமுறை தலைமுறையாக அக்காட்டிலே தேனெடுத்தும் வேட்டையாடியும் சேனை செய்தும் வாழ்ந்தவர்களிடம் உறுதிப் பத்திரம் ஏது? மூதூர், வெருகல் பக்கங்களில் தமிழ் பேசி வாழ்ந்த கரையோர வேடர் ஒரே நாளில் பிறர் நிலத்தில் குடியிருப்போராயினர். இவ்வாறு உரிமை பெற்ற அரசாங்கம், அனுமதிப் பத்திரம் பெற்றுக் கட்டணம் செலுத்தியோர் மரம் வெட்ட இடமளித்தது. மரத்தின் அளவும் பணத்தின் தொகையும் பேரேட்டில் ஏறின. மரத்தின் வயதுக்கு அங்கே இடமிருக்கவில்லை.

காடு அருகுவதை ஆட்சியாளர் கவனியாதிருக்கவில்லை. ஆனால் அவர்கள் பழியைச் சுமத்தியது பெரும்பாலும் சேனைக் குடியானவன் மீதே. காட்டை எரித்து ஓரிரு போகம் குரக்கனும் சோளமும் விதைத்து, பின் அதனைத் தரிசாக விட்டுச் செல்பவன் அவன். அவனால் கேடு விளையவில்லை என்பது பொருத்தமன்று. எனினும் அவன் விட்டுச்சென்ற நிலத்தில் ஆண்டுகள் செல்லப் பற்றைக்காடு மீண்டும் தழைத்தது. முதிர்ந்த கருங்காலியை நாடிச் சென்ற வாணிகமோ, வித்திடும் தாய்மரங்களையே தேடித்தேடி அகற்றியது. முன்னதைக் குற்றமென்றும் பின்னதை வருமானமென்றும் எழுதியது அக்காலத்து நிர்வாகத்தின் வழக்கமாயிருந்தது.

மலைநாட்டிலே கோப்பித் தோட்டங்களுக்காகக் காடுகள் அழிந்தபோதுதான் அரசாங்கத்திற்கு உண்மையான அச்சம் பிறந்தது எனலாம். 1873இல் தாவரவியல் அறிஞர் ஜோசப் ஹூக்கர் விடுத்த எச்சரிக்கையின்மேல், ஐயாயிரம் அடிக்கு மேற்பட்ட காடுகளை அழிப்பது தடுக்கப்பட்டது. நீரூற்றுகளும் மண்ணும் அழியுமென்பதே காரணம். மலையிலே கரைந்த மண் மகாவலியோடு இறங்கிக் கொட்டியாரக் குடாவிலே சேர்வதாகலின், அத்தடை கீழைக் கரைக்கும் உரியதே. ஆனால் கீழைக் கரையின் வறண்ட காடுகள் மேலும் சில ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று. இந்திய வனத்துறையிலிருந்து வரவழைக்கப்பட்ட வின்சென்ற் என்பார் 1882இல் தீவின் காடுகளை ஆராய்ந்து அறிக்கை அளித்தார். 1885இல் வனக் கட்டளைச் சட்டம் பிறந்தது. 1887இல் வனத் திணைக்களம் அமைந்தது. காடுகளைத் தெரிந்தெடுத்து ஒதுக்கி வைக்கும் முறை அதன் பின்னரே வேரூன்றியது.

இதனை மற்றொரு கரையோடு ஒப்பிடுதல் தகும். ஆங்கிலக் கடற்படைக்கு ஓக் மரம் அரிதானபோது மலையாளத்துத் தேக்கின்மேல் கண் சென்றது. 1806இல் வாட்சன் என்னும் கப்டன் அங்கே வனக்காவலராக நியமனம் பெற்றார். 1817இல் பம்பாயில் பார்சி வாடியா குடும்பத்தார் தேக்கினாற் கட்டிக் கடலில் இறக்கிய போர்க்கப்பல் ஒன்றுக்கு ‘திருகோணமலை’ என்றே பெயரிட்டனர். அக்கப்பல் இன்றும் இங்கிலாந்தின் ஆட்டில்பூல் நகரிலே மிதக்கின்றது. அதன் பெயரில்தான் திருகோணமலை உண்டு. மரம் இந்தியத் தேக்கு. மலையாளத்திலே கொனொலி என்பார் 1840களில் நிலம்பூரில் தேக்குத் தோட்டம் அமைக்கத் தொடங்கினார். வெட்டியதற்கு ஈடாக நட வேண்டும் என்ற எண்ணம் அங்கே முந்திப் பிறந்தது.

1875இல் தொடங்கிய சென்னைச் செயற்கைத் துறைமுகம் 1881 புயலிலே சேதமுற்று, மீண்டும் கட்டப்பட்டு நிலைபெற்றபின், மசூலாப் படகின் தேவை ஒழிந்தது. சாவண்டலைக்கு அதனால் ஓரளவு ஓய்வு கிடைத்திருக்கலாம். காட்டுக்கு ஓய்வு கிடைக்கவில்லை. 1927இல் இருப்புப்பாதை திருகோணமலையை எட்டியது. பின்னர் அல்லையிலும் கந்தளாயிலும் நீர்ப்பாசனக் குடியேற்றங்கள் எழுந்தன. தீவின் பரப்பில் 1956இல் சுமார் 44 சதவீதமாயிருந்த அடர்காடு 1992இல் 24 சதவீதமளவுக்குச் சுருங்கிற்று. ஏற்றுமதி வாணிகத்தை மட்டும் இதற்குக் குற்றஞ் சாட்டுதல் தவறு. நெல்லுக்கும் குடியிருப்புக்குமாக வெட்டியதே மிகுதி. 1990இல் இயற்கைக் காடுகளில் வாணிகத்திற்காக மரம் வெட்டுவதை அரசாங்கம் நிறுத்தியது.

மேற்கு ஆபிரிக்காவின் கானா நாடும் இதே வினாவை எதிர்கொண்டது. 1990களின் நடுவே அந்நாடு அறுக்காத முழுமரத்தின் ஏற்றுமதியைத் தடுத்தது. 2009இல், சட்டப்படி வெட்டிய மரத்தையே விற்பதென ஐரோப்பிய ஒன்றியத்துடன் உடன்படிக்கை செய்துகொண்டது. வாங்குவோனையும் பொறுப்புக்குள்ளாக்கும் ஏற்பாடு அது. சென்னையிலோ இலண்டனிலோ பலகை வாங்கியவரிடம் அத்தகைய வினாவை அன்று யாரும் கேட்கவில்லை.

இன்று இலங்கையின் மரத் தேவையிற் பெரும் பங்கை வீட்டுத் தோட்டங்களே ஈடுசெய்கின்றன. ஒரு பகுதி கடல் கடந்து இறக்குமதியாகின்றது. வறண்ட பிரதேசத்து வனத் தோட்டங்களில் சாவண்டலைக் கன்றுகளும் நடப்பட்டுள்ளன. ஆங்கில மர நூல்களிலே அதன் பெயர் இன்னும் ‘திருகோணமலை மரம்’ என்றே இருக்கின்றது.