கீபோர்டில் புல்லாங்குழல் வாசிச்சா ஏன் உயிர் இல்லை? சின்தசைசருக்கு ‘மூச்சு’ கொடுப்பது எப்படி?

மெல்லிசை மேடைகளில் புல்லாங்குழல், சாக்ஸபோன், நாதஸ்வரம் என எல்லாவற்றுக்கும் ஒரே கீபோர்டுதான். சுரம் தப்பாது. ஆனாலும் ஏதோ ஒன்று குறையும். அது என்ன?

பிரச்சினை எங்கே?

பெரும்பாலான கீபோர்டுகளில், கட்டையை எவ்வளவு வேகமாக அழுத்துகிறோம் என்பது ஒரே ஒரு தடவைதான் பதிவாகும். அதன் பிறகு அந்த ஒலி தன்போக்கில் ஓடும். காற்றுக் கருவியில் அப்படி இல்லை. சுரம் தொடங்கிய பிறகும் ஊதுபவர் மூச்சைக் கூட்டலாம், குறைக்கலாம். மூச்சு கூடும்போது சத்தம் மட்டுமல்ல, ஒலியின் பளிச்சும் கூடும். உயிர் இருப்பது இந்த மாற்றத்தில்தான்.

எந்தக் கருவிக்கு எந்த அலை?

கிளாரினெட்டுக்குச் சதுர அலை பொருந்தும். அதன் நேர்க்குழாயில் ஒற்றைப்படை ஹார்மானிக்குகள்தான் ஓங்கி ஒலிக்கும். டிரம்பெட்டுக்கு ரம்பப் பல் அலை. புல்லாங்குழலுக்கு முக்கோண அலையோடு, காற்று உரசும் ‘உஸ்’ சத்தத்துக்காகக் கொஞ்சம் நாய்ஸ் சேர்க்க வேண்டும்.

கவனிக்க வேண்டிய 4 விஷயங்கள்

1. ஃபில்டரையும் சத்தத்தையும் சேர்த்தே ஏற்றி இறக்குங்கள். சத்தம் மட்டும் கூடினால் ரேடியோ வால்யூமைத் திருகியது போல இருக்கும்.
2. வைப்ரேட்டோ உடனே வரக்கூடாது. நீண்ட சுரத்தில், சற்று தாமதித்து வரட்டும்.
3. மோனோ, லெகாட்டோ முறையில் வையுங்கள். குழலில் ஒரு நேரத்தில் ஒரு சுரம்தானே!
4. மூச்சு வாங்க இடைவெளி விடுங்கள். நிற்காமல் ஓடினால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

நிஜமாகவே ஊத முடியுமா?

முடியும். 1983-ல் வந்த யமஹா டிஎக்ஸ்7 சின்தசைசரிலேயே பிரெத் கன்ட்ரோலர் மாட்ட வழி இருந்தது. வாயில் வைத்து ஊதினால் ஒலி மாறும். மிடி முறையில் மூச்சுக்கென்றே 2-ம் எண் கன்ட்ரோலர் உண்டு. அதன் அளவு 0 முதல் 127 வரை. 1994-ல் வந்த யமஹா விஎல்1 இன்னும் ஒரு படி மேலே போனது. பதிவு செய்த ஒலியை ஒலிபரப்பாமல், குழாய்க்குள் காற்று அதிர்வதையே கணக்குப் போட்டு ஒலி எழுப்பியது.

பிரெத் கன்ட்ரோலர் இல்லையா? மாடுலேஷன் வீல் அல்லது எக்ஸ்பிரஷன் பெடலை வைத்தே சமாளிக்கலாம்.

நாதஸ்வரம் மட்டும் ஏன் சவால்?

சீவாளியில் உதட்டின் அழுத்தம், மூச்சு, துளையைப் பாதி மூடும் விரல் என மூன்றும் சேர்ந்துதான் கமகம் பிறக்கிறது. கீபோர்டில் அதற்கு இருப்பது பெரும்பாலும் பிட்ச் பெண்ட் வீல் ஒன்றுதான். மூன்று வேலையை ஒரு சக்கரம் எப்படிச் செய்யும்? அதனால்தான் நல்ல சாம்பிள் கையில் இருந்தாலும், நாதஸ்வரம் கேட்டுப் பழகிய காது வித்தியாசத்தைச் சட்டெனக் கண்டுபிடித்துவிடுகிறது.